நடக்காது என்று சொன்னவர்

2018 ஜூன் 15, வெள்ளி

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதப் போகிறேன். தென்காசியில் வக்கீல் ஆபீசில் ஏழு வருடம் டைப் அடித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். அழுதுகொண்டே வந்து சொல்கிறவர்களின் பேச்சு கோர்ட்டில் எடுபடாது. அன்றன்றைக்கு எழுதி வைத்தவர்களின் பேச்சு எடுபடும்.

நடந்தது இது. ஒன்பதாம் தேதி, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே, எனக்குப் பிரஷர் ஏறிப்போய் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ எண்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் நாலு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். பதிமூன்றாம் தேதி டாக்டர் செல்வின் என்பவர் பிள்ளையின் உச்சிக்குழியில் கருவியை வைத்து மூளையை ஸ்கேன் எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டு, மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது, இந்தப் பிள்ளை நடக்காது, பேசாது, பெற்றவர்களை அடையாளம் தெரியாது, விட்டுவிடுவதுதான் நல்லது என்று சொன்னாராம். இவர் வந்து என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அழுதார். எண்பது மீட்டர் காற்றாலையில் ஏறி ரிப்பேர் பார்க்கிற மனிதர். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

நாலு நாள் வயதுப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிய அந்த ஆளை நான் சும்மா விடப்போவதில்லை.

ஜூன் 17

தையல் இழுக்கிறது. பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை.

ஜூன் 18

இன்றும் வலி. நர்ஸ் இரண்டு தடவை வந்து பால் பீய்ச்சித் தரச் சொன்னாள். தூங்குவது போல இருந்துவிட்டேன். மத்தியானம் வந்த சட்னி புளித்திருந்தது.

ஜூன் 19

போனேன். கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினேன். பெட்டியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் கையை விட்டேன்.

அவள் காது மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தி விட்டேன். நிற்கவில்லை, ஈர இலை மாதிரி மறுபடியும் மடங்கிக்கொண்டது. குறை மாதத்தில் வந்த பிள்ளைகளுக்குக் காதில் குருத்தெலும்பு ஊறியிருக்காது, பிறகு சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். பிறகு சரியாகிவிடும் என்று சொல்கிற ஒரு ஆளாவது இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாளே.

அடுத்த பெட்டியில் ஒரு டாக்டர் குனிந்து நின்றார். செல்வின் என்று சட்டையில் பெயர். வயது முப்பத்தைந்துக்குள். இடது புறங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. பையில் இரண்டு பேனா. அடையாளத்துக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10, செவ்வாய்

இப்போது தினமும் நாலு மணி நேரம் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். அப்படி உட்கார்ந்திருந்தபோது டாக்டர் செல்வின் ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்று திரும்பவும் எடுக்க வேண்டுமாம். உச்சியில் கூழ் மாதிரி எதையோ தடவினார். திரையில் கறுப்பும் சாம்பலும். மழைக்கால மேகத்தை யாரோ வெட்டி வைத்த மாதிரி இருந்தது.

"இருங்கம்மா, உங்களுக்கே காட்டுறேன். இதப் பத்தி உங்ககிட்ட நேர்ல பேசணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

"சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லியாச்சுல்லா. இன்னும் என்ன இருக்கு?" என்றேன்.

"உங்ககிட்ட யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

எவ்வளவு நடிப்பு. பிள்ளையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் இவரிடம் சொன்னபோது இவர் முகம் கறுத்துவிட்டது. அந்த ஆளிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதே, உனக்குப் பிரஷர் ஏறினால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்றார்.

ஜூலை 16

இது காற்று சீசன். கயத்தாற்றில் எல்லாக் காற்றாடிகளும் ஓடும் சமயத்தில் லீவே கிடைக்காது. இருந்தும் இவர் தினமும் டாக்டர்கள் சுற்றிவரும் நேரத்துக்குச் சரியாக வந்து என் பக்கத்தில் நின்றுகொள்கிறார். என்னை ஒரு வார்த்தை பேச விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் இவரே பதில் சொல்கிறார். பக்கத்துப் பெட்டிக்காரி, உனக்கு வாய்த்த மாதிரி வாய்க்கணும் என்றாள்.

ஜூலை 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு கிலோ எழுநூற்றைம்பது. கொடுத்த தாளில் இடது பக்கம் நான்காம் நிலை இரத்தக் கசிவு, உடற்பயிற்சி அவசியம், மூன்று மாதத்தில் வரவும் என்று இருந்தது. விட்டுவிடச் சொன்னவர்கள் எதற்கு வரச் சொல்கிறார்கள்? ஒப்புக்கு எழுதியிருக்கிறார்கள். இவர் தாளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இந்த ஆஸ்பத்திரிப் படியை இனி மிதிப்பதாக இருந்தால் பிள்ளையை நடத்திக் கூட்டிக்கொண்டுதான் மிதிப்பேன்.

ஆகஸ்ட் 25

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் இன்றுதான் பிறந்திருப்பாள். இன்று பெயர் வைத்தோம். ஜெயக்கொடி. பழைய பெயராக இருக்கிறதே என்று இவருடைய அக்கா கோமதி மைனி முகம் சுளித்தாள். யாருக்கு முன்னால் ஏற்றப்போகிற கொடி என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 12

வலது கையை மூடியே வைத்திருக்கிறாள். கட்டைவிரல் உள்ளே. இடது கால் உதைக்கும்போது வலது கால் சும்மா கிடக்கிறது. கிடக்கிறது என்று எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் பொய் எழுதினால் இந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை.

தென்காசியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் ரெஜினா அக்காவிடம் கொண்டுபோனேன். குதிகாலைப் பிடித்து, பாதத்தை மேல்நோக்கி அழுத்தி, முப்பது எண்ணும்வரை விடக்கூடாது. பத்துத் தடவை. பிறகு முழங்கால், தொடை, விரல்கள். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம். கொடி கத்துகிறாள். நான் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த டாக்டர் முகத்தை நினைத்துக்கொள்கிறேன். கை சோர்வதே இல்லை.

இவரைச் செய்யச் சொன்னால் அந்தக் காலைத் தொடவே மாட்டேன் என்கிறார். மேலேயிருந்து விழுந்தால் எலும்பு கிடைக்காது என்கிற உயரத்தில் ஏறுகிறவருக்கு ஒரு சாண் காலைப் பிடிக்கப் பயம். ஆண்பிள்ளைகள் இப்படித்தான்.

2019 ஜனவரி 21, திங்கள்

புகார் மனு தயார். மருத்துவர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் இடத்துக்கு. வக்கீல் ஆறுமுகநயினார் சார் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். பதினேழு பத்தி. உயிரோடிருக்கும் பிள்ளையை விட்டுவிடும்படி தந்தைக்கு யோசனை சொன்னார் என்பது பதினோராவது பத்தி. அதை மட்டும் தடித்த எழுத்தில் அடித்தேன். சார் வேண்டாம் என்று மாற்றச் சொன்னார்.

இவருடைய கையெழுத்து வேண்டும். நேரில் கேட்டவர் இவர்தானே. வீட்டில் கேட்டேன்.

"வேண்டாம் வடிவு. அவரும் மனுசன்தான. ஏதோ சொல்லிட்டாரு. விட்டுரு."

"விட்டுரு விட்டுருன்னு அவன் சொன்னதையே நீங்களும் சொல்லுதிய."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். நான் என் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். டாக்டர் பெயரையும் அவர் செய்ததையும் எழுதி எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மத்தியானத்துக்குள் ஆலங்குளத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

பிப்ரவரி 19

டாக்டர் செல்வின் அந்த ஆஸ்பத்திரியில் இப்போது இல்லை. வேலையை விட்டுவிட்டாராம். கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டார், சொன்னேன். இவர் சாப்பிடவில்லை. நான் இரண்டு தடவை வைத்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் ஆபீஸ் தபாலில் ஒரு தடித்த கவர். டாக்டர் செல்வின் கொடுத்த விளக்கத்தின் நகல். சார் பிரித்துப் படித்தார். முதல் பக்கம் வேகமாகப் போனது. மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"வடிவு, இங்க வா. இது உன் வீட்டுக்காரர் கையெழுத்தா பாரு."

ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டின் நகல். இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

"13.6.18, காலை 11.20. தந்தையிடம் விளக்கப்பட்டது. இடது பக்கம் இரத்தக் கசிவு, பக்கத்து மூளைத் திசுவுக்கும் பரவியுள்ளது. வலது கை, காலில் இறுக்கம் வரலாம். தாமதமானாலும் நடப்பதற்கான வாய்ப்பே அதிகம். பேச்சு, அறிவு பற்றி இந்தப் படத்தை வைத்து இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது. சிகிச்சையை நிறுத்த முடியுமா என்று தந்தை கேட்டார். இரண்டு முறை கேட்டார். அதற்கு அவசியம் இல்லை என்று சொல்லப்பட்டது. தாயிடம் நேரில் பேச வேண்டும் என்றதற்கு, அவர் உடல்நிலை சரியில்லாததால் தானே சொல்லிக்கொள்வதாகத் தந்தை கூறினார்."

கீழே தமிழில், சு. ஆவுடையப்பன். கடைசி 'ன்' மேல் புள்ளி வைக்காமல் விடுவார். இதிலும் விட்டிருக்கிறார்.

அதே பக்கத்தில் கீழே இன்னொரு குறிப்பும் இருந்தது. ஜூன் 17, 18: தாய் வரவில்லை, இரண்டு முறை அழைத்தும் பால் தரவில்லை என்று. அந்த வரிக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

சார் கவரை மூடினார். வாபஸ் மனு இன்றைக்கே அடித்துவிடு என்று மட்டும் சொன்னார். இப்போது வாபஸ் வாங்கினால் வீட்டில் தெரிந்துவிடும், பிள்ளையின் பிறந்தநாள் முடியட்டும் சார் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 10

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. மாவு அரைக்கக் கொடுத்தேன். ஆவுடையப்பனுக்கு நாலு தோசை சுட்டு வைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை விசு. கனி பார்க்க ஆவுடையப்பன் கொடியின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு வந்து, பழத்தட்டுக்கு முன்னால் கையை எடுத்தார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். யார் பார்த்தாலும் நல்ல குடும்பம் என்பார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் பிறந்தநாள். பத்து நாளாக நானே போன் போட்டு அழைத்தேன். ஆவுடையப்பன் வழிச் சொந்தத்தில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. இருபத்திரண்டு பேர். கேக் வெட்டி, பாயசம் குடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பிள்ளையைப் பற்றி ஒன்று வாசிக்கப் போகிறேன் என்றேன். கைதட்டினார்கள். வாழ்த்துப்பா என்று நினைத்திருப்பார்கள்.

நான் வாசித்தேன். கோர்ட்டில் வாக்குமூலம் வாசிப்பது போல, ஏற்றம் இறக்கம் இல்லாமல். "சிகிச்சையை நிறுத்த முடியுமா என்று தந்தை கேட்டார்" என்ற இடத்தில் நிறுத்தினேன். "இரண்டு முறை கேட்டார்" என்பதை இரண்டு முறை வாசித்தேன்.

ஆவுடையப்பன் மறுப்பார் என்று எதிர்பார்த்து அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. சுவரோரம் நின்றவர், "நான்தான் கேட்டேன். டாக்டர் சொல்லல" என்றார். அவ்வளவுதான்.

கோமதி மைனிதான் எழுந்து வந்தாள்.

"எங்க கணவதியத் தெரியுமா ஒனக்கு? எங்க தம்பி. இவனுக்கு நேர் இளையவன். பத்தொம்பது வருசம் படுத்தே கிடந்தான். எங்கம்மைக்கு இடுப்பு போன பிறகு, அவனத் தூக்கிக் குளிப்பாட்டி பீ அள்ளிப் போட்டது பூரா இவன்தான். பத்து வயசுலேருந்து. ஒரு வெளையாட்டு வெளையாண்டதில்ல. அவன் செத்த அன்னைக்கு இவன் அழவும் இல்ல. தூங்குனான். ரெண்டு நாள் தூங்குனான்."

ஏழு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பையனின் போட்டோ ஒன்றுகூட இங்கே இல்லை. யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் இந்தத் தாளை வாசிக்காமல் விட்டிருக்கமாட்டேன்.

எல்லோரும் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். பாயசம் பாதி அப்படியே இருக்கிறது.

ஜூன் 10

காலையில் ஆவுடையப்பன் பையில் துணி எடுத்து வைத்தார். கயத்தாற்றில் கம்பெனிக் குடியிருப்பில் இருந்துகொள்கிறேன், என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காது என்றார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"நல்லாருக்கே. அங்க போயி நிம்மதியாக் கெடந்துருவிய. போவக் கூடாது. காலையில நாப்பது நிமிசம், சாயங்காலம் நாப்பது நிமிசம், கொடி கால நீங்கதான் இழுத்து விடணும். இனி நான் தொடமாட்டேன். ஒரு நாளும் தப்பக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"அவ நடக்கிற வரைக்கும்."

அவர் பையைத் தரையில் வைத்தார். இதைவிடச் சரியான தண்டனையை எந்த ஜட்ஜும் எழுதியிருக்க முடியாது.

ஜூன் 11

காலில் கை வைத்ததும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பதினொன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டு வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வந்ததும், முதலிலிருந்து எண்ணுங்கள் என்றேன். எண்ணினார்.

ஜூன் 23

கொடி அவரைக் கண்டாலே அழுகிறாள். பாய் விரிக்கும்போதே அழுகிறாள். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டே காய் நறுக்குகிறேன்.

ஜூலை 19

ரெஜினா அக்கா காலுக்கு பிளாஸ்டிக்கில் ஒரு அச்சு செய்து கொடுத்திருக்கிறார். பாதம் வளையாமல் பிடித்துக்கொள்ளும். எப்படி மாட்டுவது என்று ஆவுடையப்பன்தான் கற்றுக்கொண்டு வந்தார். எனக்குச் சொல்லித் தரட்டுமா என்றார். தேவையில்லை என்றேன்.

ஆகஸ்ட் 6

வாபஸ் மனுவை இன்னும் அனுப்பவில்லை. பிறந்தநாள் முடிந்து இரண்டு மாதமாகிறது. ஒரு நாள் பேப்பர் இல்லை, ஒரு நாள் கரண்ட் இல்லை, ஒரு நாள் மறந்துவிட்டது. இன்று சார் தானே டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். பார்க்கச் சகிக்காமல் நானே அடித்தேன். நாலே வரி.

"போய் நேர்லயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. தாள் போனாப் போதாது" என்றார்.

ஆகஸ்ட் 20

கொடி இன்று அழவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். ஆவுடையப்பன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார். ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு குரலில் சொல்கிறார். ஏழு கிழவன் மாதிரி, எட்டு பூனை மாதிரி, ஒன்பதுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு. பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரிக்கிறாள்.

தண்டனை என்றால் தண்டனை மாதிரி இருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, சனி

சங்கரன்கோவில் போனேன். கொடியையும் தூக்கிக்கொண்டு. டாக்டர் செல்வின் இப்போது அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறார். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. உட்காருங்கள் என்றார். நான் மனுவை வாபஸ் வாங்கியதைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது, "எனக்கு அப்பத் தெரியாது" என்பதுதான்.

"எனக்கும் ஒண்ணு தெரியலம்மா. தலைக்குள்ள ரத்தம் எங்க இருக்குன்னு படத்துல பாத்துச் சொல்லிட்டேன். அதக் கேக்குறவர் மனசுல என்ன இருக்குன்னு பாக்கல. அவர் வேண்டாம்னாலும் உங்க கட்டிலுக்கே வந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா நீங்க செஞ்சத நான் மறக்கல. நீங்க அனுப்புனது எங்கம்மா போனுக்கு வந்துச்சு. 'நீயா இப்படிச் சொன்ன'ன்னு எங்கம்மாவே கேட்டாங்க" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டு. ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது.

பிறகு அவர் எதுவும் நடக்காதது போலக் கொடியைக் கட்டிலில் படுக்கவைத்துச் சோதித்தார். தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். விரலால் உச்சியைத் தடவினார். "குழி அநேகமா மூடிருச்சு. இனி அந்த வழியாப் பாக்க முடியாது. பாக்கவும் வேண்டாம், இனிமே பிள்ளையவே பாத்தாப் போதும்" என்றார். வலது குதிகாலை மடக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத யாரு செய்றா? தசை நல்லா இளகியிருக்கு. இவ்வளவு நான் எதிர்பாக்கல."

"அவங்க அப்பா" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரெண்டு வயதுக்குள் நடப்பாள், கொஞ்சம் காலை இழுப்பாள், வலது கையை விளையாட்டுக் காட்டிப் பழக்குங்கள் என்றார். போன வருடம் சொன்னதும் இதுதான். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

பஸ்ஸில் வரும்போது, வெறுக்க ஒரு ஆள் குறைந்துவிட்டது என்று தோன்றியது. பரவாயில்லை, ஒருவர் மிச்சமிருக்கிறார்.

அக்டோபர் 30

முதல் வார்த்தை. அம்மா இல்லை. அப்பா இல்லை. "ஒண்ணு." குதிகாலை அவர் பிடித்த உடனே அவளே சொன்னாள். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று சொன்னார். எனக்குக் கேட்டது என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆவுடையப்பன் காற்றாலையில் ஏறும்போது இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து, நாலு நாள் உட்கார்ந்து வெட்டித் தைத்தார். ஊசி குத்திக் கையெல்லாம் ரத்தம். அதைக் கொடிக்கு மாட்டி, உத்தரத்தில் கயிறு கட்டி, கால் தரையில் படும்படி நிறுத்தினார். அவள் விழவில்லை. வலது காலை ஊன்றினாள். எம்பினாள். தொங்கிக்கொண்டே வீடு முழுக்கக் கத்தினாள், சந்தோஷத்தில்.

வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், வந்ததும் ஒரு மணி நேரம். நாற்பது நிமிடம் என்றுதான் நான் சொன்னேன். மீறுகிறார்.

டிசம்பர் 8

வெந்நீர் கொட்டி எனக்குக் கையில் லேசாகச் சுட்டுவிட்டது. கொடி அழுதாள். தூக்கப் போனால் அவரிடம் தாவினாள்.

டிசம்பர் 22

நான் சொன்னேன், போதும், நாளையிலிருந்து நானே பயிற்சி செய்து விடுகிறேன், நீங்கள் வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள் என்று. அவர் பிள்ளையின் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அவ நடக்கிற வரைக்கும்னுதான சொன்ன. இன்னும் நடக்கல."

"நான்தான சொன்னேன். நானே முடிச்சுக்கிடலாம்."

"முடிக்காத வடிவு." அப்போதுதான் நிமிர்ந்தார். "எனக்கு இந்தக் காலத் தொட்டா இப்ப கணவதி ஞாபகம் வரல. மொத மொதலா இப்பத்தான் வரல."

நான் அடுக்களைக்குப் போனேன். உலையில் அரிசி போட வேண்டியிருந்தது.

2020 ஜனவரி 9

நான் அந்த இரண்டு நாள் பிள்ளையைப் பார்க்கப் போகாததை அவர் இதுவரை ஒரு தடவைகூட எடுத்துப் பேசியதில்லை. குறிப்பேட்டில் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் அங்கே வந்தவருக்கும் அது தெரிந்திருக்கும். பிறந்தநாள் அன்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாமா?

கேட்கவில்லை. தையல் வலிதான் காரணம்.

ஜனவரி 27

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நாலு எட்டு வைக்கிறாள். கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். நான் தினமும் மத்தியானம், யாரும் இல்லாதபோது, எதிரே உட்கார்ந்து அம்மாட்ட வா, அம்மாட்ட வா என்று கூப்பிடுகிறேன். சிரிக்கிறாள். வருவதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடந்தாள்.

சாயங்காலம் ஐந்தேகால். வெயில் ஜன்னல் வழியே உள்ளே விழுந்திருந்தது. கொடி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுக்களை வாசலில் குத்தவைத்து இரண்டு கையையும் நீட்டி, கையில் அவளுக்குப் பிடித்த முறுக்கோடு, கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து கால் அச்சின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. பார்க்கவும் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். முறுக்கைப் பார்த்தாள். கட்டிலை விட்டாள். ஒரு கணம் காற்றில் ஆடி நின்றாள். "ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி, இடது காலை வைத்து, வலது காலை இழுத்து வைத்து, மறுபடி இடது காலை வைத்து, இவர் தோளில் போய் விழுந்தாள்.

மூன்று அடி. இவரிடம்.

இவர் பிள்ளையைத் தூக்கவில்லை. அவள் முதுகில் கையைக்கூட வைக்காமல், தப்புச் செய்த ஆள் மாதிரி என்னைப் பார்த்தார். தூக்கலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்க முடியும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"தூக்குங்க" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் இன்னும் பற்றவைக்கவே இல்லை.